மானியத்தம்மா

“இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன். உரம் வருது” என்று சொல்லி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்த பிறகுதான் மானியத்தம்மா உர மானியத்தின் நீண்ட எண்ணைப் படிக்கத் தொடங்குவார். இலக்கம் இலக்கமாகப் படிப்பார், நடுவில் நிறுத்த மாட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் நான் அச்சுத்தாளில் பென்சில் முனையை ஒவ்வொரு இலக்கத்துக்கும் கீழே நகர்த்திக்கொண்டு போவேன். முடிந்ததும் “ஆச்சா?” என்பார். “ஆச்சு” என்று நான் சொன்னால் கண்ணாடி மறுபடி நெற்றிக்குப் போகும்.

நான் அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். வரவுசெலவுப் புத்தகம் அச்சாகும் வாரங்களில் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் ஆள் மூலப்பிரதியோடு வந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும், நாங்கள் சரிபார்க்க வேண்டும். மற்ற துறைகள் வருடத்துக்கு ஒருவரை அனுப்பும். பெரும்பாலும் அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காதவராகப் பார்த்து அனுப்பும். வேளாண்துறை மட்டும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவரையே அனுப்புகிறது. உழவர்களுக்கு அரசு கொடுக்கும் மானியங்கள் எல்லாம் இவர் பக்கங்களில் வருவதால் அச்சகத்தில் மானியத்தம்மா என்று ஆகிவிட்டார். வாசல் காவலாளி உள்தொலைபேசியில் “யாருங்க?” என்று கேட்டால் அவரே, “மானியத்தம்மாதாங்க” என்று சொல்கிறார்.

நாங்கள் உட்காரும் அறை அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைத்தால் தாள்கள் பறக்கும் என்பதால் கோடையிலும் ஒன்றுதான். பழைய இயந்திரத்தின் பல்சக்கரங்கள்தான் தாள்களுக்குப் பாரம். புத்தகம் வெளிவரும்வரை ஓர் எண்ணும் கசியக் கூடாது என்று கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கடைசி வாரம் வீட்டுக்கும் போகக் கூடாது, அங்கேயே தங்கல். மதியம் ஒரு தடவை காவலாளி மேஜையிலிருக்கும் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம், அதுவும் காவலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று நாங்கள் மெய்ப்புக்காரர்கள் முணுமுணுப்போம். மானியத்தம்மா முணுமுணுத்து நான் கேட்டதில்லை. மாற்றுப் புடவைகளையும் கம்பளியையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு, பயணம் கிளம்பியவர் போல வந்து சேர்வார்.

அச்சகத்துத் தேநீரைத் தொட மாட்டார். பிளாஸ்கில் தன் தேநீரைக் கொண்டுவருவார். தங்கலின்போது கணவர் தினமும் வாசலில் பிளாஸ்கைக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் நான் வற்புறுத்தியதற்கு, “இங்க ஒரு வாய் குடிச்சாலும் அது அச்சகச் செலவுங்க. அச்சகச் செலவு என் கணக்குத் தலைப்புல வரலையே” என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வரவுசெலவுப் புத்தகத்தில் எந்தச் செலவுக்கும் மூன்று எண் உண்டு. வருட ஆரம்பத்தில் போடுவது மதிப்பீடு, பாதி வருடத்தில் விழித்துக்கொண்டு போடுவது திருத்திய மதிப்பீடு, எல்லாம் முடிந்த பிறகு தெரிவது உண்மைச் செலவு. மானியத்தம்மாவுக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. சாப்பிட எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டால், “மதிப்பீடு ஒரு மணி. ஆனா இந்தப் பக்கத்தைப் பார்த்தா ஒன்றரைன்னு திருத்திக்கோங்க” என்பார். இரண்டேகாலுக்குப் போவோம். ஒரு தடவை அவர் கணவரிடம் வாசலில் இதைச் சொல்லிச் சிரித்தேன். நகரப் பேருந்து ஓட்டுபவர், ஆள் நகைச்சுவைக்காரர். “அதை ஏன் கேட்கறீங்க? பொண்ணு பார்க்க வந்தப்ப நான் மதிப்பீடு. கல்யாணத்தன்னிக்குத் திருத்திய மதிப்பீடு. இப்ப நிக்கறேன் பாருங்க, இதுதான் உண்மைச் செலவு” என்று தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார். மானியத்தம்மா பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, “உண்மைச் செலவு எப்பவும் கூடத்தான் வரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மானியங்கள் அவருக்கு ஒரு குடும்பம். உரம் மூத்த பிள்ளை. “சோத்தைப் போட்டுக்கிட்டே இருக்கணுங்க. மூட்டை விலையை ஏத்த எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் வராது. வெளியில விலை ஏறிக்கிட்டே போகும். நடுவுல இருக்கற பள்ளத்தை நாமதான் ரொப்பணும்.” கிணற்று மோட்டாருக்கான இலவச மின்சாரம் மாப்பிள்ளை. “மோட்டாருக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? மின்சாரக்காரங்க சொல்றதுதான் கணக்கு. மாப்பிள்ளை எத்தனை கரண்டி சாப்பிட்டார்னு எண்ண முடியுமா?” உழவர் வங்கிக் கணக்கில் நேராகப் போடுகிற ரொக்கம் புது மருமகள். “வந்து மூணு வருஷம்கூட ஆகல. மேடையில எல்லாரும் இவளைப் பத்தித்தான் பேசறாங்க.” இப்படிப் பேசிக்கொண்டே வாசிப்பாரே தவிர ஓர் இலக்கம் பிசகாது.

இந்தக் குடும்பம் வளர்ந்த கதையை நான் அச்சுக்காரனாகப் பார்த்தவன். நான் சேர்ந்தபோது மானியப் பக்கத்தின் கட்டங்கள் ஆறு இலக்கத்துக்கு அமைத்தவை, அதுவும் ஆயிரம் ரூபாய்க் கணக்கில். உரம் ஏழு இலக்கத்துக்குப் போனதும் கட்டத்தை அகட்டினோம். எட்டுக்குப் போனபோது எழுத்தைச் சிறிதாக்கினோம். ஒன்பது வந்தபோது வேறு வழியில்லாமல் பக்கத்தையே படுக்கவைத்து அச்சடித்தோம். புத்தகம் கையிலெடுப்பவர்கள் அந்த இடம் வந்ததும் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் வெளிச்சந்தையில் விலை சரிந்து உரத்தின் எண் சுருங்கிப்போனது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மானியத்தம்மா மட்டும், “என்னங்க, பிள்ளை இளைச்சுட்டான்?” என்று மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னார்.

அந்தப் பக்கத்தின் கடைசியில், மொத்தத்துக்கு நேர் மேலே, ஒரு வரி இருக்கும். மறுவிதைப்பு விதை மானியம். முதல் மழையை நம்பி விதைத்து, பிறகு வானம் பொய்த்து விதை பாழானால், இரண்டாவது தடவை விதைக்க அரசுக் கிடங்கிலிருந்து பாதி விலைக்கு விதை கொடுப்பார்கள். கிணறு இல்லாத மானாவாரி நிலக்காரர்களுக்கு மட்டுமே. மழை ஏமாற்றிய வருடங்களில் இந்த வரியில் திடீரென்று பெரிய எண் வந்து நிற்கும். ஒழுங்காகப் பெய்த வருடங்களில் ஒரு காசு செலவிருக்காது. செலவில்லாத இடத்தில் அச்சில் மூன்று புள்ளி வைப்பது வழக்கம். மானியத்தம்மா அதையும் விடாமல் வாசிப்பார். “புள்ளி, புள்ளி, புள்ளி.” உரத்துக்கு மூச்சு வாங்குபவர் இதை மட்டும் நிதானமாக, ஏறக்குறைய ரசித்துச் சொல்வார்.

ஆனால் தொடங்கப்போகும் வருடத்துக்கான கட்டத்தில் புள்ளி வைக்க விடமாட்டார். அங்கே ‘1’ என்று போடுவார். ஆயிரத்தில் ஒன்று, அதாவது வெறும் ஆயிரம். அதை வைத்து ஒரு கூடை விதைகூட வாங்க முடியாது. ஆனாலும் அந்த ஒன்று இருக்கும்வரை திட்டம் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். மழை ஏமாற்றினால் அதே வரியில் கூடுதல் பணத்தைப் போட்டு மறுவாரமே கிடங்கைத் திறந்துவிடலாம். வரியையே எடுத்துவிட்டால் புதுத் திட்டமாகக் கோப்பு போட்டு, நாலு துறை ஏறி இறங்கி, கையெழுத்தாகி வருவதற்குள் விதைப்புக் காலம் போய்விடும். 

இந்த வருடத் தங்கலின் இரண்டாம் நாள் காலையில் மானியப் பக்கம் வந்தது. நிதித்துறை பார்த்துத் திருப்பியனுப்பிய பிரதி. உரம், மின்சாரம், காப்பீடு, ரொக்கம், கருவிகள் என்று வாசித்துக்கொண்டே வந்தவர் நின்றார். நான் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். என் தாளில் கருவிகளுக்குக் கீழே நேராக மொத்தம்தான் இருந்தது.

“இங்க ஒருத்தன் இருந்தானே?” என்றார்.

பிரதியைத் திருப்பிக் காட்டினார். மறுவிதைப்பு வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ‘ஐந்து ஆண்டுகளாகச் செலவில்லை, நீக்குக’ என்று எழுதியிருந்தது. இந்த வருடம் புத்தகத்தின் கனத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. நாங்கள் கத்தரி என்று பெயர் வைத்திருந்த நிதித்துறை இளம் அதிகாரி ஒருவர் எல்லாத் துறையின் பக்கங்களையும் சுருக்கிக்கொண்டிருந்தார். மீன்வளத்தில் ஏழு வரி, கால்நடையில் பதினொன்று என்று ஏற்கனவே போயிருந்தன.

மானியத்தம்மா மீதிப் பக்கங்களை வாசித்து முடித்தார். அன்று மதியம் தொலைபேசி வரிசையில் நான் அவருக்குப் பின்னால் நின்றேன். வழக்கமாகக் கணவருக்குத்தான் பேசுவார். அன்று தம்பிக்குப் போட்டார். அவருக்கு ஒரு தம்பி உண்டு, அப்பா விட்டுப்போன மானாவாரி நிலத்தில் பயிர் செய்கிறார் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. பல வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மற்றவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அந்தத் தொலைபேசி பழைய காலத்துக் கனத்த உருப்படி, எதிர்முனை பேசுவது அறைக்கே கேட்கும்.

“வானம் எப்படிடா இருக்கு?”

“துடைச்சு வச்ச மாதிரி இருக்குக்கா. ஒரு மழைதான். அதை நம்பிப் போட்டேன். இன்னிக்கு மண்ணைக் கிளறிப் பார்த்தேன், முளை எல்லாம் சுருண்டு கிடக்கு.”

“அவ்வளவுமா?”

“அவ்வளவும். என்னை விடு, சுத்துப்பட்டுல எல்லாருக்கும் இதே கதைதான். அடுத்த மழைக்குள்ள விதை கையில இருந்தாப் பொழைச்சுக்கலாம். கடைக்காரன் ஒண்ணுக்கு ரெண்டா விலை சொல்றான், அதுவும் ரெண்டு நாளுக்குத்தான் வச்சிருப்பானாம். மறுவிதைப்புக்கு அரசாங்கத்துல குடுப்பாங்கல்ல? குடுக்கறதா இருந்தா காத்திருக்கேன். இல்லைன்னா இன்னிக்கே வட்டிக்கு வாங்கி எடுத்துடறேன். நீ அங்கதானே இருக்க, ஒரு வார்த்தை சொல்லு.”

மானியத்தம்மா காவலாளியைப் பார்த்தார். காவலாளி கூரையைப் பார்த்தார். புத்தகத்தில் இருப்பதை வெளியே சொன்னால் வேலை போகும் என்பது வேறு விஷயம். வேலை போகாது என்று எழுதிக் கொடுத்தாலும் இந்தம்மா சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஊமை கண்ட கனவாக அதைத் தனக்குள் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குப் பேசறேன்டா” என்று வைத்துவிட்டார். 

மாலையில் கத்தரி கையெழுத்துப் போட வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மரியாதையான பிள்ளை, வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொல்வார், பெரியவர்கள் நின்றால் உட்கார மாட்டார். மானியத்தம்மா நின்றுகொண்டே அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

“சார், இந்த வரி இருக்கட்டும்.”

“அஞ்சு வருஷமாச் செலவே இல்லையே மேடம். செத்துப்போன திட்டம்.”

“சாகல சார். அஞ்சு வருஷமும் ஒழுங்கா மழை பெஞ்சுது. மழை பெஞ்சதுக்குத் தண்டனையா?”

அவர் சிரித்துவிட்டார். “உரத்தைக் கொஞ்சம் வெட்டலாம்னா கையே வைக்க முடியல. மின்சாரத்தைப் பார்க்கக்கூட முடியல. சின்னச் சின்னதாத்தான் ஏதாவது செய்யணும்.”

“பெரியவன் திங்கறான்னு சின்னவனை வீட்டை விட்டு அனுப்புவாங்களா? இவன் ஒண்ணும் கேட்கல. மூலையில ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கான். வேணுங்கற வருஷம் மட்டும் கேட்பான். இந்த வருஷம் கேட்கப் போறான் சார்.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்? மாவட்ட அறிக்கைகூட இன்னும் வரலையே.”

அந்த இடத்தில் மானியத்தம்மா நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அனுபவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பிள்ளை நம்பியிருக்கும். இந்தம்மா வாயை விடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“என் தம்பி மானாவாரிக்காரன். மதியம் பேசினேன்” என்றார்.

அறையில் இருந்த நாலு பேரும் தாளிலிருந்து தலையைத் தூக்கினோம். கத்தரி பேனாவை மூடினார்.

“அப்போ இதைப் பத்தி நீங்க பேசலாமா மேடம்?”

“பேசக் கூடாதுதான். வேற யாரும் பேசலையே, அதனால பேசறேன். என் தம்பி இந்தத் திட்டத்துல ஒரு கைப்பிடி விதை வாங்க மாட்டான். எழுதிக் குடுத்துடறேன்.”

“அவருக்காக நீங்க எப்படி எழுதிக் குடுக்க முடியும்?”

“முடியாதுதான். நான் சொன்னாக் கேட்பான்.”

கத்தரி எழுதித்தர வேண்டாம், வாயால் சொன்னதே போதும் என்று இரண்டு தடவை சொன்னார். மானியத்தம்மா அதற்குள் என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவிட்டார். எடுத்தவர், அது அச்சகத்துத் தாள் என்பது நினைவுக்கு வந்து திரும்ப வைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நாலே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அதைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார். அந்தப் பிள்ளைமேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது. போகும்போது மானியத்தம்மாவிடம், “அடுத்த வருஷம் எங்க துறைக்கு வந்துடுங்க மேடம்” என்றார். “மதிப்பீடு போட்டுப் பார்க்கறேன் சார்” என்றார் இவர்.

வரியைத் திரும்பக் கோத்து, புதுத் தாள் எடுத்து, அன்று மாலையே இருவரும் வாசித்தோம். மறுவிதைப்பு. புள்ளி, புள்ளி, புள்ளி. ஒன்று. “ஆச்சா?” என்றார். “ஆச்சு” என்றேன். எங்கள் அச்சகத்தில் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை, அப்படியொரு பழக்கமே கிடையாது. நான் என் பங்குக்கு அவர் பிளாஸ்கை எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் மதியம் வரிசையில் வேண்டுமென்றே அவருக்குப் பின்னால் போய் நின்றேன். நல்ல செய்தியைக் கேட்கிற ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

“டேய், நீ காத்திருக்காத. கடையிலேயே விதை வாங்கிடு.”

“அப்போ குடுக்க மாட்டாங்களா?”

“அவங்க குடுக்கறது குடுக்காதது எல்லாம் என்கிட்டக் கேட்காத. குடுத்தாலும் நீ போய் வரிசையில நிக்கக் கூடாது. விதைக்கு ஆகற பணத்தை நான் அனுப்பறேன். பிளாஸ்க் குடுக்க வந்த மாமாகிட்டச் சொல்லிட்டேன், சாயங்காலம் போட்டுடுவார்.”

“உன் பணம் எதுக்கு? ஊரே வாங்கும். நான் மட்டும் வாங்கக் கூடாதா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. நான் இங்க உட்கார்ந்திருக்கேன்ல, அதனாலதான்.”

எதிர்முனையில் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுவது கேட்டது.

“இத்தனை வருஷமா நீ அங்க உட்கார்ந்து எனக்கு என்னக்கா ஆச்சு?” என்றார் தம்பி. குரல் உயரவில்லை. “விதைக்கு நான் பார்த்துக்கறேன். நீ பணம் கிணம் அனுப்பினே, திருப்பி அனுப்பிடுவேன். வை.”

டக்கென்று வைத்துவிட்டார். கொய்ங் என்று தொலைபேசி இரைவது எனக்குக் கேட்டது, காவலாளிக்கும் கேட்டிருக்கும். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமாக வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பதும் தெரிந்தது. இந்தம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரிலிருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன்.

மானியத்தம்மா தொலைபேசியை வைக்கவில்லை. அந்த இரைச்சல் வெளியே வராதபடி காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். “சரிப்பா… அதனால என்ன… எனக்கென்ன கோபம்? பசங்க சாப்பிட்டாங்களா?” என்றார். பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு, “ம்” என்று தலையை ஆட்டினார்.